அசையாத உழைப்பு

சுமையோடு நடக்கிறவனைக் காட்டிலும் சுமையோடு நிற்கிறவனுக்குத்தான் கஷ்டம் அதிகம். மூட்டை தூக்கிப் பிழைக்கிற எவரைக் கேட்டாலும் இதைச் சொல்லுவார். நம் முன்னோர்களும் அறிந்த விஷயந்தான் இது. பாதையோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டு வைத்தார்களே, எதற்காக? நடையை நிறுத்திவிட்டால் மட்டும் இளைப்பாறியதாகாது, சுமையை இறக்கினால்தான் இளைப்பாறுதல் என்று தெரிந்துதான் நட்டார்கள்.

பௌதிக சாஸ்திரம் மட்டும் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஒரு பொருளைத் தள்ளி, அது நகர்ந்தால்தான் அங்கே வேலை நடந்ததாகக் கணக்கு. நகராவிட்டால் பூஜ்யம். ஒரு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் நின்றவன், அந்தக் கணக்குப்படி சும்மா நின்றவன். கூலி கேட்டால் சாஸ்திரம் காலணாக்கூடக் கொடுக்காது.

ஆனால் சரீரம் வேறு கணக்கு வைத்திருக்கிறது. அசையாமல் செய்யும் உழைப்பு முழுவதையும் அது ரத்த அழுத்தம் என்ற பத்தியில் எழுதி வைக்கிறது. அந்தப் பத்தியைப் படிக்க மனிதன் கற்றுக்கொண்டது ஏறக்குறைய முந்நூறு வருஷத்துக் கதை. அதில் ஒரு பாதிரியார் வருகிறார், பயில்வான்கள் வருகிறார்கள், கெய்ரோ நகரத்து வைத்தியப் பேராசிரியர்கள் வருகிறார்கள். கடைசியில் யாரும் எதிர்பாராத ஒரு திருப்பமும் வருகிறது. ஆகவே, வைத்தியம் படிக்காமல் கதை எழுதிப் பிழைக்கிற எனக்கும் இதைச் சொல்லக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நம்மவர்கள் இந்த நோய்க்கு 'ரத்தக் கொதிப்பு' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். கோபத்தையும் நோயையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிய பெயர். ரத்தம் கொதிப்பதில்லை, தான் ஓடுகிற குழாயின் சுவரை முட்டுகிறது, அவ்வளவுதான். அந்த முட்டலை முதல் முதலாக அளந்து காட்டியவர் லண்டனுக்கு அருகே டெடிங்டன் என்ற கிராமத்தில் பாதிரியாராக இருந்த ஸ்டீஃபன் ஹேல்ஸ். ஒரு டிசம்பர் மாதத்தில் அவர் ஒரு பெண்குதிரையை மல்லாக்கக் கிடத்திக் கட்டினார். அதன் தொடைத் தமனியில் ஒரு பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு ஒன்பதடி நீளமுள்ள கண்ணாடிக் குழாய் ஒன்றை நிமிர்த்திப் பொருத்தினார். ரத்தம் குழாயில் 8 அடி 3 அங்குலம் வரை ஏறி நின்றது. 1733-ஆம் வருஷம் வெளியான தம்முடைய நூலில் இதை அவர் விவரித்திருக்கிறார். குதிரையின் கதி என்ன ஆயிற்று என்று கேட்காமலிருப்பது நல்லது.

மனிதனை இப்படிக் கட்டிப்போட்டு அளக்க முடியாதல்லவா? அதற்கு இன்னும் நூற்றறுபது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1896-இல் இத்தாலியில் டூரின் நகரத்து வைத்தியர் ரிவா ரோச்சி, புஜத்தில் ஒரு ரப்பர்ப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, மணிக்கட்டில் நாடி எந்த இடத்தில் மறைகிறது என்று பாதரசக் குழாயில் பார்த்தார். பட்டைக்குச் சைக்கிள் டியூபும், பாதரசத்துக்கு மைக்கூடும் அவருக்குப் பயன்பட்டனவாம். பெரிய கண்டுபிடிப்புகளுக்குப் பெரிய சாமான்கள் வேண்டுமென்பதில்லை. 1905-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ராணுவ வைத்தியக் கலாசாலையைச் சேர்ந்த கொரொட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். காற்றை இறக்கும்போது ஓரிடத்தில் சத்தம் தொடங்கியது, இன்னோரிடத்தில் அடங்கியது. முதலாவது, இதயம் சுருங்கித் தள்ளும் வேளையில் உள்ள மேல் அழுத்தம். இரண்டாவது, அது விரிந்து ஓயும் வேளையில் உள்ள கீழ் அழுத்தம். 120-க்கு 80 என்று இன்று டாக்டர் சொல்கிறாரே, அந்த இரண்டு எண்களும் இவ்விதம் பிறந்தவைதான். பாதரசம் எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறது என்பதே கணக்கு.

கருவி தயாராகிக் கொண்டிருந்த அதே காலத்தில் மேனாடுகளில் பயில்வான்களின் யுகம் நடந்தது. அவர்களில் சக்கரவர்த்தி என்று யூஜின் சாண்டோவைச் சொல்லலாம். 1867-இல் பிரஷ்யாவில் பிறந்தவர். 1904, 1905-ஆம் வருஷங்களில் இந்தியாவிலும் சுற்றுப் பிரயாணம் செய்தார். ஆள் வந்து போனார். பெயர் இங்கேயே தங்கிவிட்டது. தமிழ்நாட்டில் மார்பும் புஜமும் திரண்ட வாலிபர்களுக்கெல்லாம் 'சாண்டோ' என்பது ஒரு பட்டமாயிற்று. சினிமாத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் கடைசிவரை 'சாண்டோ' சின்னப்பா தேவராகவே இருந்தார். கைவைக்காத பனியனுக்குக்கூட அந்தப் பெயர்தான் கிடைத்தது.

சாண்டோ 1925-இல் 58 வயதில் காலமானார். பள்ளத்தில் விழுந்த மோட்டார்க் காரை ஒற்றை ஆளாகத் தூக்கினார், அந்த முக்கலில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டார்கள். இதில் உண்மை எவ்வளவு, கட்டுக்கதை எவ்வளவு என்பது வேறு விஷயம். ஜனங்கள் அதை உடனே நம்பினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, முகம் சிவக்க ஒரு மனிதன் முக்கும்போது உள்ளே ஏதோ உடைந்துவிடப் போகிறது என்ற பயம் பார்க்கிறவர்களுக்கு இயல்பாகவே உண்டாகிறது.

அசையாத முயற்சியையே பலமாக்கிக் காட்டியவர்களும் அப்போது இருந்தார்கள். ருஷ்யப் பயில்வான் அலெக்சாண்டர் ஜாஸ் முதல் உலக யுத்தத்தில் ஆஸ்திரியர்களிடம் கைதியானார். சிறையில் கர்லாக்கட்டைக்கும் குண்டுக்கும் எங்கே போவது? பூட்டிய சங்கிலியையே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கிலி அசையவில்லை, தசை வளர்ந்தது. பிற்பாடு இங்கிலாந்துக்குப் போய், 'சாம்ஸன்' என்ற பெயரில் வித்தை காட்டியும், தபால் மூலம் பாடம் நடத்தியும் சம்பாதித்தார். அமெரிக்காவில் சார்லஸ் அட்லஸ் தம் தசையைத் தம் தசையோடேயே மோதவிடும் முறையைத் தபாலில் விற்றார். மிருகக்காட்சிச் சாலையில் சிங்கம் சோம்பல் முறிப்பதைப் பார்த்துத் தமக்கு அந்த யோசனை உதித்ததாகச் சொல்லிக்கொண்டார்.

பயில்வான்கள் தசையைப் பார்த்துக் கொண்டிருந்தபோது, உள்ளே இதயத்துக்கு என்ன ஆகிறது என்று பார்த்தவர்கள் சிலரே. 1913-இல் கோபன்ஹேகனில் க்ரோக், லின்ட்ஹார்ட் என்ற இருவர் ஒரு விசித்திரத்தைக் குறித்து வைத்தார்கள். வேலை தொடங்கிய கணத்திலேயே நாடி துரிதப்படுகிறது. தசை இன்னும் களைக்கவில்லை. ரத்தத்துக்கு ஒரு செய்தியும் போயிருக்க நேரமில்லை. ஆகவே, கைக்கு 'முறுக்கு' என்று உத்தரவு போடும் மூளையே, அதே மூச்சில் இதயத்துக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுகிறது என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

இது பாதிக் கதைதான். மறு பாதி 1937-இல் கெய்ரோவில் வெளிவந்தது. அங்கே வைத்தியக் கல்லூரியில் மருந்தியல் துறையில் இருந்த முகம்மது ஆலம் என்ற எகிப்தியரும், ஃபிரடரிக் ஸ்மர்க் என்ற ஆங்கிலேயரும் செய்த பரிசோதனை, எளிமையில் திருக்குறள் போன்றது.

ஒருவரை உட்காரவைத்து, வேலை செய்கிற அவயவத்துக்கு மேலே பட்டையைக் கட்டிக் காற்றடித்து, ரத்த ஓட்டத்தை அடியோடு நிறுத்திவிட்டார்கள். அந்த நிலையிலேயே தசைக்கு வேலை கொடுத்தார்கள். ரத்த அழுத்தம் ஏறியது. அது எதிர்பார்த்ததுதான். பிறகு வேலையை நிறுத்தச் சொன்னார்கள். மூளை இப்போது எந்த உத்தரவும் போடவில்லை, தசை தளர்ந்துவிட்டது. அழுத்தம் இறங்கியிருக்க வேண்டுமல்லவா? இறங்கவில்லை! பட்டை இறுகியிருந்தவரையில் அழுத்தமும் உயர்ந்தே நின்றது. பட்டையைத் தளர்த்தி ரத்தத்தை ஓடவிட்ட மாத்திரத்தில் சரசரவென்று இறங்கியது.

இதற்கு என்ன அர்த்தம்? ரத்தம் கிடைக்காத தசையில் உழைப்பின் கழிவுகள் தேங்கி நிற்கின்றன. அவை தசைக்குள் இருக்கும் மெல்லிய நரம்புகளைத் தீண்டுகின்றன. அந்த நரம்புகள் மேலிடத்துக்கு மனுப் போடுகின்றன: "இங்கே பட்டினி, இன்னும் அழுத்தி ரத்தம் அனுப்புங்கள்." மனு வந்து கொண்டிருக்கும்வரை மேலிடம் அழுத்தத்தை உயர்த்தியே வைத்திருக்கிறது. அடுத்த வருஷம் அதே இருவர் தண்டுவடத்தில் ஒரு பக்கம் சேதமடைந்த ஒரு நோயாளியைப் பரிசோதித்தார்கள். உணர்ச்சி அற்றுப்போன பக்கத்திலிருந்து இந்த மனு வரவே இல்லை. தபால்கம்பி அறுந்துவிட்டால் தந்தி எப்படி வரும்?

அசையாத உழைப்பு ஏன் இவ்வளவு கொடியது என்பது இப்போது விளங்கும். நடக்கும்போதும் ஓடும்போதும் தசை சுருங்கிச் சுருங்கி விரிகிறது. விரிகிற ஒவ்வொரு தடவையும் ரத்தம் உள்ளே பாய்கிறது. மேல் அழுத்தம் ஏறினாலும் கீழ் அழுத்தம் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். சற்று இறங்கவும் செய்யும். ஆனால் இறுக்கிப் பிடித்த தசை தன் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொண்டு 'மூச்சு முட்டுகிறது' என்று கூவுகிறவனுடைய நிலைமை! அங்கே மேல் அழுத்தம், கீழ் அழுத்தம் இரண்டுமே ஏறுகின்றன.

கெய்ரோ ஆராய்ச்சியை உலகம் அப்போது பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அசையாத பயிற்சியின் பெயர் வேறொரு வழியில்தான் பிரபலமாயிற்று. 1953-இல் ஜெர்மனியில் டார்ட்முண்ட் நகரத்தில் ஹெட்டிங்கர், ம்யூல்லர் என்ற இருவர், தன் முழு பலத்தில் மூன்றில் இரண்டு பங்கோடு தினம் ஆறு விநாடி தசையை இறுக்கினாலே போதும், வாரத்துக்கு 5 சதவிகிதம் பலம் கூடும் என்று அறிவித்தார்கள். தினம் ஆறே விநாடி! சோம்பேறிகளுக்கு இதைவிட இனிய செய்தி வேறென்ன வேண்டும்? 'ஐசோமெட்ரிக்' என்ற சொல் 1960-களில் அமெரிக்காவில் ஒரு பைத்தியமாகவே பரவியது. அசையாத இரும்புக் கம்பிகள் பொருத்திய சட்டங்கள் விற்றன. அந்தச் சட்டத்தில் பழகிய சில பளுதூக்கிகளின் பலம் திடீரென்று வளர்ந்ததைக் காட்டி விளம்பரம் செய்தார்கள். அவர்கள் டயனபால் என்ற ஹார்மோன் மாத்திரையையும் விழுங்கிக் கொண்டிருந்தார்கள் என்ற ரகசியம் பிற்பாடு வெளிப்பட்டது. டார்ட்முண்ட் சொன்ன வேகத்தில் பலம் கூடுவதை மற்ற ஆராய்ச்சியாளர்களும் காணவில்லை. பைத்தியம் தெளிந்தது.

இந்த ஆரவாரத்துக்கு நடுவே, 1964-இல் எடின்பரோவில் டொனால்ட், லிண்ட் முதலியோர் அமைதியாக ஒரு வேலை செய்தார்கள். ஆரோக்கியமான ஆட்களைப் படுக்க வைத்துக் கையில் ஒரு பிடியைக் கொடுத்தார்கள். முதலில் முழு பலத்தோடு ஒரு முறை அழுத்தச் சொல்லி அளந்துகொண்டார்கள். அதன்பின், அந்தப் பலத்தில் இத்தனை சதவிகிதம் என்று வகுத்து, அந்த அளவில் விடாமல் பிடித்திருக்கச் சொன்னார்கள்.

பத்து சதவிகிதத்தில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அழுத்தம் கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஏறக்குறைய 15 சதவிகிதத்தைத் தாண்டியதுமே நிலைமை மாறியது. அழுத்தம் எந்த இடத்திலும் நிற்காமல், கை சோர்ந்து விடுகிற வரைக்கும் ஏறிக்கொண்டே போயிற்று. முப்பது சதவிகிதத்தில் ஐந்து நிமிஷம் பிடித்திருப்பதே பெரும்பாடு. அதற்குள் ஆரோக்கியமான ஒருவருடைய கீழ் அழுத்தம் சாதாரணமாக 16 மில்லிமீட்டருக்குக் குறையாமல் ஏறிவிடும். பிடியை விட்டதும் ஓரிரண்டு நிமிஷத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். அதே சதவிகிதத்தில் பிடிக்கும்போது இளம் பெண்களுக்கு இளைஞர்களைக் காட்டிலும் ஏற்றம் சற்றுக் குறைவாக இருக்கிறது என்பதும் பின்னால் தெரியவந்தது.

ஆச்சரியம் என்னவென்றால், இத்தனையும் செய்வது முழங்கைக்குக் கீழே உள்ள ஒரு பிடித் தசை! கனத்த பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு நிற்கிற மனிதருடைய இதயம், அந்தச் சின்னத் தசைக்காக உடம்பு முழுவதிலும் அழுத்தத்தை உயர்த்துகிறது. ஒரு தெருவில் தண்ணீர் வரவில்லை என்பதற்காக ஊர்க் குழாய் முழுவதிலும் அழுத்தத்தை ஏற்றுவது போன்ற காரியம். பெரிய தசைகள் ஈடுபட்டால் ஏற்றம் இன்னும் அதிகமாவதும் உண்டு.

1974-இல் எடின்பரோவிலேயே இதை ஒரு சோதனையாக்கி, நீரிழிவினால் நரம்பு கெட்டிருக்கிறதா என்று பார்க்கப் பயன்படுத்தினார்கள். ஏறவேண்டிய இடத்தில் அழுத்தம் ஏறாமலிருப்பதே அங்கே நோயின் அடையாளம். ஏற்றம் என்பது எப்போதும் கெடுதலல்ல, சரீரம் விழித்திருக்கிறது என்பதற்கு அத்தாட்சியும் அதுதான் என்று இதிலிருந்து தெரிகிறதல்லவா?

ஆனால் வைத்திய உலகம் பயந்து போயிருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. 1985-இல் கனடாவில் மக்மாஸ்டர் சர்வகலாசாலையில் ஐந்து தேர்ந்த பயில்வான்களின் கைத் தமனிக்குள்ளேயே நுண்குழாய் செலுத்தி, அவர்கள் பளு தள்ளும்போது அளந்தார்கள். இரண்டு கால்களாலும் பளுவைத் தள்ளியபோது சராசரி 320-க்கு 250. ஒருவருக்கு 480-க்கு 350-ஐயும் தாண்டியது! இது முழுக்க அசையாத பயிற்சியல்ல. ஆனாலும் பலத்தின் எல்லையில் தசை இறுகும்போது நடப்பது இதுதான். அதோடு மூச்சைப் பிடித்து முக்குவதும் சேர்ந்துகொள்கிறது. நம் பாஷையில் 'மூச்சைப் பிடித்துக்கொண்டு', 'பல்லைக் கடித்துக்கொண்டு' என்று வீரத்தைப் பாராட்டுகிறோம். ரத்தக் குழாய்கள் அந்தப் பாராட்டில் கலந்துகொள்வதில்லை. ஆகவே, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எதையும் இறுக்கிப் பிடிக்காதீர்கள், தள்ளாதீர்கள், தூக்காதீர்கள் என்று டாக்டர்கள் தடை போட்டு வந்தார்கள்.

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது.

அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்து மையாமி சர்வகலாசாலையில் ரானால்ட் வைலி என்ற உடலியல் பேராசிரியர் இருந்தார். வேகமாகத் திரும்பும் போர் விமானங்களில் விமானிகளுக்குத் தலையிலிருந்து ரத்தம் இறங்கி மயக்கம் வருவதுண்டு. அதைத் தடுக்கக் கைப்பிடிப் பயிற்சி உதவுமா என்று ஆராயப்போய், பயிற்சி செய்தவர்களுக்கு ஓய்வு நேரத்து அழுத்தம் குறைந்திருப்பதை அவர் கவனித்ததாகச் சொல்கிறார்கள். 1992-இல் அவரும் சகாக்களும் முடிவுகளை வெளியிட்டார்கள். 20 முதல் 35 வயதுவரை உள்ள, அழுத்தம் சற்றே மேலோரமாக இருந்த எட்டுப் பேர், முழு பலத்தில் 30 சதவிகிதத்தோடு இரண்டு நிமிஷம் பிடித்தார்கள். மூன்று நிமிஷம் ஓய்ந்தார்கள். இப்படி நான்கு முறை, வாரத்தில் மூன்று நாள், எட்டு வாரம். முடிவில் அவர்களுடைய மேல் அழுத்தம் சுமார் 12 மில்லிமீட்டரும், கீழ் அழுத்தம் சுமார் 15 மில்லிமீட்டரும் குறைந்திருந்தன. இன்னொரு கூட்டத்தார் சற்று வேறு முறையில் ஐந்து வாரம் பழகினார்கள். அவர்களுக்கும் அழுத்தம் குறைந்தது. பயிற்சியை நிறுத்தி ஐந்து வாரம் ஆனதும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.

எந்தப் பிடி அழுத்தத்தை ஏற்றுகிறது என்று எடின்பரோவில் 1964-இல் காட்டினார்களோ, அதே பிடிதான் அதை இறக்குகிறது என்று 28 வருஷம் கழித்துத் தெரிந்தது. இரண்டும் உண்மை. ஒன்று, அந்த நிமிஷத்தின் உண்மை. மற்றது, அந்த மாதத்தின் உண்மை. நிமிஷத்தைப் பார்த்துப் பயந்துபோனவர்கள் மாதத்தைப் பார்க்காமலே இருந்துவிட்டார்கள்.

சில பேரை வைத்துச் செய்த பரிசோதனைதானே என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. 2023-இல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் 270 பரிசோதனைகளை, அதாவது 15,827 பேருடைய கணக்கை ஒன்று சேர்த்து எடை போட்டார்கள். ஓட்டம், நடை போன்ற பயிற்சிகள் மேல் அழுத்தத்தைச் சராசரி நாலரை மில்லிமீட்டர் குறைத்தன. அசையாத பயிற்சி எட்டு மில்லிமீட்டருக்கு மேல் குறைத்தது. அதிலும் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் நிற்கும் பயிற்சிக்கு நல்ல பெயர் கிடைத்தது. அசையாத பயிற்சி பற்றிய பரிசோதனைகள் எண்ணிக்கையில் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏற்கெனவே அழுத்தம் சரியாக உள்ள இளைஞர்களுக்கு இறக்கமும் கொஞ்சமாகத்தான் இருக்கும். இறங்குவதற்கு அங்கே அதிகம் இல்லையே!

ஏன் இறங்குகிறது? இறுக்கித் தளர்த்தும்போது, தடைபட்ட ரத்தம் திடீரென்று பாய்ந்து குழாயின் உட்சுவரை நெகிழ்வாக்குகிறது என்கிறார்கள் சிலர். திரும்பத் திரும்ப வரும் மனுவைக் கேட்டுப் பழகிய நரம்பு மண்டலம் பதற்றம் குறைகிறது என்கிறார்கள் வேறு சிலர். விவாதம் முடியவில்லை. ஆனால் இரண்டு விளக்கங்களிலும் பொதுவாக இருப்பது ஒன்று: பிடிக்கும் நேரத்தைப் போலவே விடும் நேரமும் முக்கியம்.

இதை யாரும் மறந்துவிடக் கூடாது. பத்திரிகையில் படித்தேன் என்று சொல்லி, இதய நோய் உள்ளவரும் அழுத்தம் மிகுந்தவரும் நாளைக் காலையே சுவரைத் தள்ள ஆரம்பித்துவிட வேண்டாம். முதலில் டாக்டரைக் கேட்கட்டும். நோயற்ற இளைஞர்களும் முழு பலத்தைக் காட்டவேண்டாம். முப்பது சதவிகிதம் போதும் என்பதல்லவா பரிசோதனை கண்டது? மூச்சைப் பிடிக்கவும் வேண்டாம். சாதாரணமாக விட்டு இழுக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. தினமும் எட்டுமணி நேரம் கூலிக்குச் சுமை தூக்குகிறவர்களுக்கு, பயிற்சி செய்கிறவர்களுக்குக் கிடைக்கிற நன்மை கிடைப்பதில்லை என்று பல ஆராய்ச்சிகள் சொல்கின்றன. சுமை ஒன்றுதான், தசையும் ஒன்றுதான். பயிற்சி செய்கிறவர் இரண்டு நிமிஷம் பிடித்து மூன்று நிமிஷம் ஓய்கிறார். கூலிக்காரருக்கு அந்த மூன்று நிமிஷத்தை யாரும் கொடுப்பதில்லை. கெய்ரோவில் பட்டையைத் தளர்த்தியதும் அழுத்தம் இறங்கியதே, அந்தத் தளர்த்தலுக்குத்தான் அவருக்கு வழியில்லை. மருந்தையும் விஷத்தையும் பிரிப்பது அளவு என்பார்கள். இந்த மருந்தில் அந்த அளவு, சுமையில் பாதியும் ஓய்வில் பாதியுமாக இருக்கிறது.